ஓடியவர்கள் நடந்த கதை

பேராசிரியர் பிரமிளா தன் அறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகக் காரை எடுப்பாள். தூரம் நானூறு மீட்டர். ஒரு காலத்தில் அதே நானூறு மீட்டரை ஐம்பத்தாறு விநாடிக்குள் ஓடி முடித்தவள்தான். இப்போது கார் நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால் பதினொரு நிமிடம் ஆகிறது. பினாங்கில் இந்தக் கெலுகோர் வெயில் அப்படி என்பாள். முழங்கால் அப்படி என்றும் சொல்வாள். இரண்டும் உண்மை. அறைக் கதவில் தொங்கிய பலகையில் 'உடற்பயிற்சி அறிவியல்' என்று எழுதியிருந்ததும் உண்மை. மூன்று உண்மைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் பல வருஷம் ஒரே இடத்தில் குடியிருந்தன.

அவள் பேராசிரியர் ஆனதே தோற்றதனால்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் தேசிய அணிக்கு ஆள் எடுக்க ஓர் ஓட்டம் நடந்தது. இருந்தது ஒரே இடம். அதற்குப் பினாங்கிலிருந்து இரண்டு பெண்கள் போட்டியிட்டார்கள், இரண்டு பேரும் ஜெலுத்தோங்காரர்கள். கடைசி வளைவில் பிரமிளாதான் முன்னால் இருந்தாள். கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது பக்கத்து ஓடுபாதையில் வந்த ஜெகதீஸ்வரி நெஞ்சை முன்னால் தூக்கிப் போட்டாள். நடுவர் கையிலிருந்த கடிகாரம் நூறில் எட்டுப் பங்கு விநாடி வித்தியாசம் என்றது. கண்ணை ஒருமுறை சிமிட்டி முடிக்கக்கூட அந்த நேரம் போதாது.

ஜெகதீஸ்வரி அணியோடு வெளிநாடு போனாள். முதல் சுற்றிலேயே கடைசிக்கு முந்தியவளாக வந்து ஊர் திரும்பினாள். பிரமிளாவோ அந்த நூறில் எட்டு எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். குதிகால் எந்தக் கோணத்தில் விழுகிறது, கடைசி ஐம்பது மீட்டரில் தசை ஏன் கெட்டியாகிறது என்று தோண்டிக்கொண்டே போனதில் அவளும் வெளிநாடு பார்த்தாள். ஜெயித்தவளுக்கு ஒரு டிராக்சூட் கிடைத்தது. தோற்றவளுக்கு டாக்டர் பட்டம்.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம் ஊரார் பிள்ளைகளை வேகமாக ஓட வைப்பதே வேலை. முகமூடி மாட்டி, ஓடுபொறியில் ஏற்றி, மூச்சை அளந்து, ஆளுக்குக் கால் விநாடி அரை விநாடி என்று குறைத்து அனுப்புவாள். அதில் நல்ல பெயரும் இருந்தது.

அந்தப் பெயரை ஒருநாள் மின்தூக்கி கெடுத்தது. அது பழுதாகி நின்ற காலை, ஆய்வுக்கூட உதவியாளர் சலேஹா மூன்று மாடி ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். சலேஹா இருபது வருஷமாக அந்தக் கருவிகளைத் துடைத்து, சரிபார்த்து, பூட்டி வைப்பவள். மூச்சு வந்ததும் மலாயில் கேட்டாள்.

"புரோஃப், இத்தனை மெஷின் வைத்திருக்கிறோம். மூணு மாடி ஏறினால் உயிர் போகிற ஆளுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?"

பிரமிளா கருவிகளை எண்ணிப் பார்த்தாள். அந்த அறையில் ஆறு கருவிகள் இருந்தன. ஆறும் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்கு. அன்று மத்தியானம் பழைய கோப்புகளை எடுத்து ஒரு கூட்டல் போட்டாள். பதினைந்து வருஷத்தில் நாற்பத்தொரு பேர், எல்லாருமாகச் சேர்த்து அவள் குறைத்துக் கொடுத்தது பத்தொன்பது விநாடி. மறுவாரம் பொதுச் சுகாதாரப் பக்கம் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். மைதானத்திலிருந்து மாத்திரைக்கு இறங்கிவிட்டாள் என்று சக பேராசிரியர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆறு வருஷம் புள்ளிவிவரம், பயிலரங்கு, அறிக்கை என்று போனது. பிறகு ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றில் அவளுடைய முதல் சொந்தத் திட்டம் தொடங்கியது. இனிப்பு நீர் என்று ஊரார் சொல்லும் சர்க்கரை நோய் உள்ளவர்களை நடக்க வைப்பதுதான் திட்டம். கீழ்த்தளத்துத் திறந்த மண்டபத்தில் நாலு மொழியில் பேனர் கட்டினார்கள். வாரம் மூன்று நாள் இசையோடு உடற்பயிற்சி. முதல் நாள் அறுபத்தொரு பேர் வந்தார்கள். சட்டையும் இலவசம், நாசி லெமாக் பொட்டலமும் இலவசம். தேங்காய்ப்பால் சோற்றைக் கொடுத்து இனிப்பு நீரைக் குறைக்கும் யோசனை யாருடையது என்று பிரமிளா கேட்டாள். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்றான் ஆராய்ச்சி மாணவன் ஹாஃபிஸ், மிகுந்த மரியாதையோடு.

ரத்தம் பார்க்கும் வரிசையில் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது.

"நாமா?" என்று பெயர் கேட்டான் ஹாஃபிஸ்.

"ஜெகதீஸ்வரி. ஒங்க புரோபசருக்குத் தெரியும்."

மேசைக்குப் பின்னால் நின்றிருந்த பிரமிளா நிமிர்ந்தாள். பினாங்கு சின்னத் தீவு. ஒருவரை முப்பது வருஷம் சந்திக்காமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். அது இருவருக்கும் இருந்தது.

"என்னா பிரமி, இன்னும் பின்னாலதான் நிக்கிறியா?"

"நீ எந்த வரிசையில முன்னால நிக்கிறேன்னு பாத்தியா, ஜெகா? அது சக்கர வரிசை."

"எந்த வரிசையா இருந்தா என்னா, முன்னால நிக்கணும் லா," என்று விரலை நீட்டினாள் ஜெகதீஸ்வரி.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பதின்மூன்று பிள்ளைகள், காலையும் மத்தியானமும். ஓடுகிறவள் ஓட்டுகிறவள் ஆனதில் எழுத்து ஒன்றுதான் கூடியது. எடைதான் இருபத்தெட்டு கிலோ கூடியது. ஒரு நாளில் ஏழு மணி நேரம் ஓட்டுநர் இருக்கையில், மீதி நேரம் நாற்காலியில். மூன்று மாதச் சர்க்கரை எண் பத்துப் புள்ளி ஆறு. கிளினிக் டாக்டர் போன வாரம்தான் கறாராகச் சொல்லியிருந்தார். பிள்ளைகளை ஏற்றும் வேன் என்பதால் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பாரம் வேண்டும். எண் எட்டுக்குக் கீழே வராமல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மே மாதக் கடைசி வரைக்கும் தவணை.

"கையெழுத்து இல்லன்னா வேன் இல்ல," என்றாள் ஜெகதீஸ்வரி. குரலில் முதல்முறையாகக் கேலி இல்லை. "வீட்டுக்காரரு போனதுலேர்ந்து அந்த வேன்தான் எனக்கு எல்லாம். அம்பத்திரண்டு வயசுல போயி வேற என்னாத்தக் கத்துக்கிறது, சொல்லு?"

பிரமிளா ஓர் அடி எண்ணும் பட்டையை எடுத்து அவள் மணிக்கட்டில் கட்டினாள். "கழட்டாத. மாத்திரைய ஒழுங்காப் போடு. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட. மூணு வேளையும்."

"என்னைய நடக்கச் சொல்ற நீ எதுல வந்த?"

"கார்ல."

"பாத்தேன் லா. அந்தாண்ட நிறுத்திட்டு, வெயில்னு திரும்ப இந்தாண்ட கொண்டாந்து நிறுத்துன."

அடுத்த வாரம் பத்தொன்பது பேர் வந்தார்கள். நாலாவது வாரம் ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் பெரிய அளவுச் சட்டை மிச்சமிருக்கிறதா என்று கேட்க வந்தவர்கள். பொங்கல் கழிந்தபோது பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் ஆடியது. ஜெகதீஸ்வரியின் பட்டை ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் அடி காட்டியது. வேனுக்குப் போகிற தூரம், வேனிலிருந்து வருகிற தூரம். ஏன் நடக்கவில்லை என்று போனில் கேட்டால், "எக்ஸர்சைஸெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் பிரமி, நமக்கு மூச்சு வாங்குது," என்று பதில் வந்தது.

தைப்பூசத்துக்கு மறுவாரம் ஹாஃபிஸ் கணினியோடு வந்தான்.

"புரோஃப், ஒரு பட்டை கெட்டுப்போச்சு. தினம் தொள்ளாயிரம் அடி போடுற ஆளுக்கு ஒரே நாளில் இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு காட்டுது. பிழை என்று நீக்கிவிடட்டுமா?"

"நீக்கிடு," என்றாள் பிரமிளா.

கருவி துடைத்துக்கொண்டிருந்த சலேஹா திரும்பாமலே, "என்ன தேதி?" என்றாள். ஹாஃபிஸ் சொன்னான். "தைப்பூசம் லா. அன்றைக்கு ரோடெல்லாம் அடைத்திருந்தார்களே, மறந்துவிட்டதா? என் தங்கை வீட்டு வாசல் வழியாக ஊரே நடந்து போனது."

பிரமிளாவுக்கு மறக்கவில்லை. அன்று சாலை மூடியிருந்ததால்தான் அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடித்தாள். நகர்ப்புற இந்தியப் பெண்கள் நடக்காததற்கான காரணங்களைப் பற்றிய கட்டுரை அது. சன்னலுக்கு வெளியே நகர்ப்புற இந்தியப் பெண்கள் காலை முதல் மாலை வரை நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் அவள் சன்னலைச் சாத்தினாள்.

மத்தியானமே ஜெலுத்தோங்குக்குப் போனாள். ஜெகதீஸ்வரி வேன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தைப்பூசத்தன்னிக்கி இருபத்திரண்டாயிரம் அடி நடந்திருக்க."

"நடந்தேனா? தண்ணிமல முருகன் கோயிலுக்குப் போனேன்."

"எப்படிப் போன?"

"நடந்து."

"அதத்தான் ஜெகா கேக்குறேன்! பாரத்துல நடப்பீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னு டிக் பண்ணிருக்க."

"உடற்பயிற்சியா நடப்பீங்களான்னு கேட்டுருந்துச்சு. அது எக்ஸர்சைஸ் இல்ல லா. அது நேர்த்தி." படிக்காத பிள்ளைக்கு விளக்குவதைப் போல நிதானமாகச் சொன்னாள். "எக்ஸர்சைஸ்னா மூச்சு வாங்கும். நேர்த்திக்கு நடந்தா வாங்காது. வாங்குனாலும் வெளிய சொல்லக்கூடாது."

"எதுக்கு நேர்ந்துகிட்ட?"

"ஒனக்கு எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

ஜெகதீஸ்வரி குழாயை மூடினாள். "ஒன்னத் தோக்கடிக்கணும்னு."

பிரமிளா ஈரத் தரையில் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"அந்த ரேஸுக்கு மொத நாள் வேண்டிகிட்டேன். ஜெயிச்சுட்டா சாகுற வரைக்கும் வருஷா வருஷம் ஜெலுத்தோங்லேர்ந்து தண்ணிமலைக்கு நடந்தே வர்றேன்னு. பத்து மீட்டர்ல ஜெயிச்சிருந்தாலும் பரவால்ல. ஒரு நெஞ்சு அளவுக்கு ஜெயிச்சதுக்கு முப்பது வருஷமா நடக்குறேன். கணக்குப் பாத்தா முருகனுக்குத்தான் லாபம்."

முப்பத்தோரு வருஷமாகப் பிரமிளா அந்த ஓட்டத்தை அலசியிருக்கிறாள். காற்று, காலணி, குதிகால் கோணம், தசை அமிலம். முருகன் அவளுடைய எந்த அட்டவணையிலும் இல்லை. கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால் 'தரவு போதாது' என்று சொல்கிற ஆள். இப்போது தரவு மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது.

"அப்ப இன்னொரு நேர்த்தி வையி," என்றாள்.

"எதுக்கு?"

"லைசென்ஸுக்கு."

"ஐயோ, ஜேபிஜே ஆபீஸ் சமாச்சாரத்தப் போயி முருகன்கிட்ட கேக்குறதா?"

"நூறில் எட்டு விநாடியவே கேட்டிருக்க."

ஜெகதீஸ்வரி யோசித்தாள். அவளுக்குச் சட்டதிட்டம் முக்கியம். "ஒரு நாள் நடந்தாப் பத்தாதா?"

"பத்தாது. சக்கர ஒரு நாளப் பாக்காது, மூணு மாசத்தையும் சேத்துப் பாக்கும்."

"அப்ப ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்."

"அதுவும் பத்தாது."

"ரெண்டு மண்டலம்."

தொண்ணூற்றாறு நாள். பிரமிளா மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பாடநூல்கள் பன்னிரண்டு வாரம் என்கின்றன, அதாவது எண்பத்துநாலு நாள். மண்டலக் கணக்கு பன்னிரண்டு நாளை இனாமாகவே தருகிறது. வேறெங்கும் இப்படியொரு ஆய்வுக் காலம் கிடைக்காது.

"ஆனா நீயும் நேரணும்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"எனக்கு முட்டி சரியில்ல."

"எனக்கு எது சரியா இருக்கு? ஒருத்தி மட்டும் ஓடுனா அதுக்குப் பேரு ரேஸ் இல்ல லா. தொண்ணூத்தாறு நாள் நீயும் நட. கையெழுத்துக் கெடைச்சா தண்ணிமலப் படி எல்லாத்தையும் ஏறு. இல்லன்னா நான் வைக்கல."

"சரி. ஆனா ரெண்டு பேரும் சப்பாத்து போட்டுத்தான் நடக்கணும். இனிப்பு நீர்க்காரி வெறுங்கால்ல நடக்கக்கூடாது."

"நேர்த்திக்குச் சப்பாத்தா?"

"நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்," என்றாள் பிரமிளா. தரவு போதாத ஒருவரிடம் பேசிக்கொள்வதாக வாக்குக் கொடுத்ததை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தாள்.

நேர்த்திக்கு ஒரு விதி இருந்தது. ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இது அறிவியலுக்கு எதிரானது, ஒரு நாள் தவறினால் குற்ற உணர்ச்சி கூடாது, மறுநாள் தொடர்ந்தால் போதும், அப்போதுதான் ஆட்கள் நிலைப்பார்கள் என்று பிரமிளா வாதாடினாள். "ஒன் அறிவியல்ல இப்ப எத்தன பேரு நெலச்சிருக்காங்க?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி. ஏழு பேர் என்பதால் வாதம் அத்தோடு முடிந்தது.

திட்டத்தை மாற்றியதற்குப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு எழுத வேண்டியிருந்தது. 'தலையீட்டின் வகை' என்ற கட்டத்தில் நேர்த்திக்கடன் என்று போட முடியாது. 'பங்கேற்பாளர் தாமே மேற்கொள்ளும் உறுதி' என்று போட்டாள். ஒழுங்காக நடக்கிறார்களா என்று கண்காணிப்பது யார் என்று ஒரு கேள்வி. ஜெகதீஸ்வரியிடம் கேட்டதற்கு, "மேல இருக்குறவரு," என்றாள். பிரமிளா அரைமணி நேரம் யோசித்து, 'சுயேச்சையான வெளிப் பார்வையாளர்' என்று எழுதினாள். குழு ஏற்றுக்கொண்டது.

தை வெள்ளியன்று இரண்டு பெண்கள் அடுக்குமாடியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி நொண்டினாள், ஒருத்தி மூச்சு வாங்கினாள், வாங்குவதை வெளியே சொல்லவில்லை. நாலாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அமலம்மாள் மூன்று நாள் பார்த்தாள். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், மாதா கோயில் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். நாலாம் நாள் கீழே வந்தாள்.

"டீச்சர், இது முருகனுக்கு மட்டுந்தானா?"

"டீச்சர் இல்ல, புரோ..." என்று தொடங்கிய பிரமிளா, பழக்கத்தை விட்டாள். "யாருக்கு வேணும்னாலும்."

"அப்ப நான் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துக்கிறேன். ஆனா எங்களுக்கு நாப்பது நாள்தான் வழக்கம்."

"அதெல்லாம் கெடையாது அக்கா," என்று குறுக்கே வந்தாள் ஜெகதீஸ்வரி. "ரெண்டு மண்டலம்னா எல்லாருக்கும் ரெண்டு மண்டலம். அன்னம்மாவுக்குக் கூட்டிக் குடுத்தா கோவிச்சுக்கவா போறாங்க?"

சலேஹா இதைக் கேட்டுவிட்டு, "எங்களிடமும் உண்டே, நஸார் என்போம்," என்றாள். மறுவாரம் ஆறாம் மாடி மலாய்ப் பெண்களில் ஐந்து பேரை அவளே கூட்டிவந்தாள், மூன்று மாடிக்கு மூச்சு வாங்கும் தானும் சேர்ந்துகொண்டாள். பேனரில் நாலு மொழியில் எழுதியிருந்த 'உடற்பயிற்சி' எந்த மொழிக்காரரையும் கீழே இறக்கவில்லை. நேர்ந்துகொள்வதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரு சொல் இருந்தது. மாதக் கடைசியில் முப்பத்துநாலு பேர் ஆனார்கள். மழை பெய்தால் மாடி நடையில் வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பினார்கள். கதவைத் திறந்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

ஜெகதீஸ்வரி எல்லாருக்கும் தலைவியாகிவிட்டாள். சாப்பாட்டுக் கடையில் தேநீர் சொல்லும்போது, "கோசோங்!" என்று பாலும் சீனியும் இல்லாததைக் கேட்பாள். பக்கத்து மேசைக்காரர் சீனி போட்டுக் குடித்தால் அவருக்கும் சேர்த்துச் சொல்வாள். அமலம்மாள் முப்பத்தொன்பதாம் நாள் பேத்தி ஞானஸ்நானத்தில் நடையை மறந்துவிட்டு, மறுநாள் காலை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். யாரும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை. அவளே வந்து சொன்னாள். இருபது வருஷமாக ஆய்வுகளில் பொய் நிரப்பிய பாரங்களைத் திருத்தி வந்த பிரமிளாவுக்கு இது புது அனுபவம்.

ஐம்பத்தேழாம் நாள் பிரமிளா கோலாலம்பூரில் ஒரு மாநாட்டில் இருந்தாள். தலைப்பு 'சுறுசுறுப்பான தேசம்'. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மட்டும் எழுந்து ஓட்டல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏழாவது சுற்றில் காவலாளி மரியாதையாக நிறுத்தி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. தொலைத்துவிடக் கூடாதென்றுதான் நடக்கிறேன்," என்றாள்.

ஜெகதீஸ்வரியின் செய்தி போனில் வந்தது. 'நடந்தியா?' 'நடந்தேன்.' 'சத்தியமா?' 'சத்தியமா.' வெளிப் பார்வையாளருக்கு உதவியாளரும் இருந்தார்.

தொண்ணூற்றாறு நாள் முடிந்தது. ஜெகதீஸ்வரிக்கு ஆறு கிலோ குறைந்திருந்தது. ரத்தம் கொடுத்து முடிவு வரும் நாளில் கிளினிக்குக்கு இருவரும் போனார்கள். நடந்தே போனார்கள். டாக்டர் இளைஞர், கணினியைப் பார்த்தார்.

"எட்டு புள்ளி ஒன்னு," என்றார். "நல்லா எறங்கியிருக்கு. ஆனா எட்டுக்குக் கீழன்னு சொல்லியிருந்தேன் அக்கா."

ஜெகதீஸ்வரி மடியில் வைத்திருந்த பாரத்தை இரண்டாக மடித்தாள், மறுபடி நாலாக மடித்தாள். பிறகு பிரமிளாவைத் திரும்பிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு நாளில் ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை.

"டாக்டர்," என்றாள் பிரமிளா. வகுப்புக் குரல் தானாக வந்தது. "அதே ரத்தத்த இன்னொரு தடவ மெஷின்ல போட்டா அதே எண் வருமா? வராது. பாயிண்ட் ரெண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். இந்த எட்டு புள்ளி ஒன்னும் ஏழு புள்ளி ஒன்பதும் ஒன்னுதான். நடுவுல இருக்குறது நோய் இல்ல, மெஷினோட தள்ளாட்டம். அளவுகோலால அளக்க முடியாத வித்தியாசத்த வச்சு ஒருத்தரோட பொழப்ப..."

பேச்சு நின்றது.

கையில் பிடித்த ஓட்டக் கடிகாரத்தை அமுக்கக் கட்டைவிரலுக்கு ஏறக்குறைய விநாடியில் பத்தில் இரண்டு பங்கு பிடிக்கும். இரண்டாம் பருவ மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் அவள் நடத்துகிற பாடம் அது. கையால் எடுத்த நேரத்தில் நூறில் ஒன்று இரண்டு என்று பேசுவது அறியாமை என்று தேர்வில் மதிப்பெண் குறைப்பாள். நூறில் எட்டு!

"என்னா பிரமி, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றாள் ஜெகதீஸ்வரி மெதுவாக.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய தாளை எடுத்தார், பத்துப் புள்ளி ஆறு என்றிருந்தது. கண் பரிசோதனை, ரத்த அழுத்தம், மயக்கம் வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு நாலாக மடிந்த பாரத்தை வாங்கிப் பிரித்தார்.

"புரோபசர் சொன்னதுக்காகப் போடல," என்றார், கையெழுத்துப் போட்டபடி. "எறங்கின தூரத்துக்காகப் போடுறேன். மூணு மாசத்துல திரும்ப வாங்க. ஏறியிருந்தா நானே எழுதிக் குடுத்து நிறுத்திடுவேன்."

வெளியே வந்ததும் ஜெகதீஸ்வரி வெயிலில் நின்று பாரத்தை மூன்று தரம் படித்தாள். பிறகு, "உள்ள ஏன் ஊமையான?" என்றாள்.

பிரமிளா சொன்னாள். கட்டைவிரல், கடிகாரம், நூறில் எட்டு.

"அப்ப நான் ஜெயிக்கலையா?" ஜெகதீஸ்வரியின் குரல் உயர்ந்தது. "முப்பத்தோரு வருஷமா சும்மாவா நடந்தேன்?"

"ஜெயிச்ச லா. ஒன் நெஞ்சு முன்னால போனத எல்லாரும் பாத்தாங்க, நானும் பாத்தேன். எவ்வளவுலன்னுதான் யாருக்கும் தெரியாது."

"அப்ப நீ இத்தன வருஷம் என்னாத்தப் படிச்ச?"

"அந்த எவ்வளவத்தான்."

ஜெகதீஸ்வரி சிரிக்கத் தொடங்கினாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிரமிளாவுக்கும் தொற்றிக்கொண்டது.

இன்னும் மூன்று வாரத்தில், முப்பத்துநாலு பேரில் இருபத்தொன்பது பேர் இரண்டு மண்டலத்தையும் முடித்துவிட்டார்கள். அமலம்மாள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாகப் பாதிப் பேர் மூன்றாவது மண்டலத்தில் நுழைந்துவிட்டார்கள். பிரமிளா அறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு இப்போது நடந்து போகிறாள். ஆறு நிமிடம் ஆகிறது. காரைவிட ஐந்து நிமிடம் மிச்சம், இது எந்தப் பத்திரிகையிலும் வெளியிடத் தகுந்த முடிவு அல்ல.

படிதான் பாக்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், தண்ணீர்மலையடிவாரத்தில் இருவரும் நின்றார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். பிரமிளா முழங்காலில் உறை மாட்டியிருந்தாள். ஜெகதீஸ்வரி கோயில் படி என்பதால் வெறும் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, அதற்கும் மேலே பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

நூறாவது படியில் உட்கார்ந்தார்கள். இருநூறில் தண்ணீர் குடித்தார்கள். முந்நூறில் இறங்கி வந்த ஒரு குடும்பம், "பாத்து ஆண்ட்டி, மெதுவா," என்றது. நானூறாவது படியில் பிரமிளா நின்று, கீழே நகரத்தையும் கடலையும் பார்த்து, இதே எண்ணிக்கைக்கு ஒரு காலத்தில் ஐம்பத்தாறு விநாடி போதுமாயிருந்தது என்று சொன்னாள். "மீட்டர் வேற, படி வேற. கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசாம ஏறு," என்றாள் ஜெகதீஸ்வரி.

கடைசிப் பத்துப் படியில் இருவரும் கொஞ்சம் வேகம் கூட்டினார்கள். பிரமிளா நொண்டினாள், விடவில்லை. ஜெகதீஸ்வரி மூச்சு வாங்கினாள், வெளியே சொல்லவில்லை. மூன்று படி, இரண்டு படி, இருவரும் ஒரே வரிசை. கடைசிப் படியில் கால் வைக்கும்போது ஜெகதீஸ்வரி நெஞ்சை முன்னால் தூக்கிப் போட்டாள். அதே கணத்தில் பிரமிளாவும் போட்டாள்.

இரண்டு பேரும் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான்தான்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"நான்தான்," என்றாள் பிரமிளா.

மேலே நின்ற அர்ச்சகரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் விபூதித் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.